நாலு கோடு காட்டியும் நெட் நகராதது ஏன்? ஆர்.வி. பயணத்துக்கு இணையக் கருவி வாங்குமுன் தெரிய வேண்டியவை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிறிய பாலைவன ஊர். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளின் கண்காட்சி நடக்கும். பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்து குளிருக்கு ஒதுங்க வருகிறவர்களின் வண்டிகள், ஊரைச் சுற்றிய அரசு நிலத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும். அந்த நாட்களில் போனில் சிக்னல் நாலு கோடு காட்டும். மாலை ஏழு மணிக்கு ஒரு மின்னஞ்சலைத் திறந்தாலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அதே இடத்தில், அதே போனில், படமே பார்க்கலாம்.

இந்த நிலைமையில் பலரும் செய்வது, சில நூறு டாலர் கொடுத்து சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கிக் கூரையில் மாட்டுவது. கோடு ஐந்தாகும், மின்னஞ்சல் அப்போதும் திறக்காது. ஏன் என்று புரிந்துகொண்டால், எந்தக் கருவியை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் ஆர்.வி. என்பது, படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கொண்ட வீட்டு வண்டியை. தானே ஓடும் மோட்டார்ஹோம் ஒரு வகை, பிக்கப் டிரக் இழுத்துச் செல்லும் டிரெய்லர் இன்னொரு வகை. வாரக் கணக்கில் அதிலேயே தங்கி அலுவலக வேலையும் பார்க்கிறவர்களுக்கு இணையம், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்தபடியான தேவை.

மூன்று நோய், ஒரே அறிகுறி

நெட் மெதுவாக இருக்கிறது என்பதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. சிக்னல் பலவீனம். டவர் தொலைவில் இருக்கிறது, அல்லது நடுவில் மலை, மரம், வண்டியின் உலோகச் சுவர்.

2. நெரிசல். டவர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் அதிகம்.

3. திட்டத்தின் கட்டுப்பாடு. சிக்னலும் நன்று, கூட்டமும் இல்லை. ஆனால் உங்கள் சிம்முக்கான ஒதுக்கீடு தீர்ந்து, நிறுவனமே வேகத்தைக் குறைத்துவிட்டது.

கடையில் விற்கும் ஆன்டெனா, பூஸ்டர் எல்லாம் முதல் நோய்க்கு மட்டுமே மருந்து. இரண்டாவதுக்கு மருந்து வேறு நிறுவனத்தின் சிம் அல்லது செயற்கைக்கோள். மூன்றாவதுக்கு, திட்டத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எது எந்த நோய் என்று கண்டுபிடிக்கக் கோட்டைப் பார்க்கக் கூடாது. எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு போன் நிறுவனமும் தன்னிஷ்டப்படி முடிவுசெய்வது. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று ஆர்.எஸ்.ஆர்.பி.: டவரிலிருந்து வந்துசேரும் சிக்னலின் வலிமை. இன்னொன்று எஸ்.ஐ.என்.ஆர்.: இரைச்சலுக்கு மேல் அந்தச் சிக்னல் எவ்வளவு தெளிவாகத் தலைதூக்குகிறது என்பது. ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் இவை தெரியும். ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பக்கத்தில் சிம் நிலை என்ற இடத்தில் வலிமை எண் இருக்கும். ரூட்டர் என்றால் அதன் நிர்வாகப் பக்கத்திலேயே இரண்டும் இருக்கும்.

வலிமை எண் மைனஸில் வரும். மைனஸ் 80 நல்லது, மைனஸ் 100 ஒப்பேற்றலாம், மைனஸ் 110 திணறல், மைனஸ் 120 என்றால் தொடர்பு அறுந்து அறுந்து வரும். ஒவ்வொரு 10 டெசிபெல்லும் பத்து மடங்கு வித்தியாசம். மைனஸ் 80-க்கும் மைனஸ் 110-க்கும் இடையே ஆயிரம் மடங்கு. தெளிவு எண் 20-க்கு மேல் இருந்தால் அருமை, 10 போதும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் இரைச்சல்தான் ஜெயிக்கிறது என்று பொருள்.

இனி சோதனை. வலிமை மைனஸ் 85, தெளிவு 15, ஆனால் மாலையில் வேகம் இல்லை, விடியற்காலையில் பறக்கிறது என்றால் நெரிசல். எந்த ஊரிலும் எந்த நேரத்திலும் வேகம் 0.6 மெகாபிட் போல ஒரே குறைந்த எண்ணில் அசையாமல் நின்றால் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது; நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும், நிறுவனம் பூட்டுப் போட்டால்தான் அப்படி ஒரே எண்ணில் நிற்கும். மைனஸ் 112 என்று காட்டினால் மட்டும் ஆன்டெனா கடைப் பக்கம் போகலாம்.

மூன்று நிறுவனம், பல பெயர்

அமெரிக்கா முழுக்கப் பரவிய சொந்த டவர் வலை உள்ளவை மூன்றுதான்: வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல். நான்காவதாக இருந்த ஸ்பிரின்ட் 2020 ஏப்ரலில் டி-மொபைலோடு கலந்துவிட்டது. கடையில் தொங்கும் மற்ற பெயர்கள் பெரும்பாலும் இந்த மூன்றின் டவரை வாடகைக்கு எடுத்தவை, அல்லது இவற்றுக்கே சொந்தமான துணைப் பெயர்கள். விசிபிள் வெரைசனுடையது, கிரிக்கெட் ஏடி அண்ட் டி-யுடையது, மின்ட் டி-மொபைலுடையது. டி-மொபைல் சிம்முக்குத் துணையாக மின்ட் சிம் வாங்கினால், ஒரே கிணற்றில் இரண்டு வாளி விட்ட கதை.

இடம் மாறிக்கொண்டே இருக்கிறவருக்கு இது முதல் விதி. நெவாடாவில் ஒரு பள்ளத்தாக்கில் வெரைசன் மட்டும் கிடைக்கும், அடுத்த மேட்டைத் தாண்டினால் ஏடி அண்ட் டி மட்டும். எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டெனாவாலும் இல்லாத டவரை வரவழைக்க முடியாது. அதனால் கருவிக்கு வைத்த பணத்தின் முதல் பங்கு இரண்டாவது நிறுவனத்தின் சிம்முக்குப் போக வேண்டும்.

எஃப்.சி.சி. என்ற மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் வரைபடத்தில் எந்த இடத்தில் எந்த நிறுவனம் கிடைக்கும் என்று பார்க்கலாம். ஆனால் நிறுவனங்கள் கணினியில் கணித்துக் கொடுத்த பரப்பு அது. நாலாம் தலைமுறை (4ஜி) என்று வண்ணம் பூச, இறங்குவேகம் 5 மெகாபிட்டும் ஏறுவேகம் 1 மெகாபிட்டும் போதும். அதுவும் வெட்டவெளியில் நிற்கும் போனுக்கோ ஓடும் காருக்கோ கணித்தது. அலுமினியச் சுவர் போட்ட டிரெய்லருக்குள் இருக்கும் போனுக்கு அல்ல. வண்ணத்தின் ஓரத்தில் உங்கள் முகாம் விழுந்தால் அங்கே கிடைக்காது என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

அலைவரிசை ஏன் முக்கியம்

அலைவரிசை குறைந்தால் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். ஆனால் சுமக்கும் அளவு குறைவு. அலைவரிசை ஏறினால் அள்ளிக்கொண்டு வரும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். ஆர்.வி. பயணி இதை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

கீழ் அடுக்கு, 600 முதல் 850 மெகாஹெர்ட்ஸ். காட்டிலும் மலையிலும் உங்களைக் காப்பாற்றுவது இதுதான். அலைவரிசையை எண்ணிட்ட துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு பேண்ட். டி-மொபைலின் 71-ஆம் பேண்ட் 600 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 700-ல் வெரைசனுக்கு 13-ஆம் பேண்ட், ஏடி அண்ட் டி-க்கு 12, 14. இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பூஸ்டர் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நடு அடுக்கு 1700 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 4 கிகாஹெர்ட்ஸ் வரை. ஐந்தாம் தலைமுறையின் உண்மையான வேகம் இங்கேதான்: டி-மொபைலுக்கு 2.5 கிகாஹெர்ட்ஸில் 41-ஆம் பேண்ட். மற்ற இரண்டுக்கும் 3.7-க்கு மேல் சி-பேண்ட் எனப்படும் 77. சி-பேண்ட் 2022 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய பல கருவிகளுக்கு அது காதிலேயே விழாது.

மேல் அடுக்கு, 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். விளையாட்டரங்கம், நகர மையம் இவற்றுக்கானது. ஆர்.வி.-க்கு இதை மறந்துவிடலாம். இதற்கென்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

பழைய பொருள் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று நிறுவனங்களும் 2022-க்குள் மூன்றாம் தலைமுறைச் சேவையை மூடிவிட்டன. அதை நம்பிய ஹாட்ஸ்பாட்கள் இன்று காகிதக்கட்டை அழுத்தி வைக்கத்தான் உதவும். நாலாம் தலைமுறையிலும் கேட்-4 என்று எழுதிய மலிவு ரூட்டர்கள் ஒரு நேரத்தில் ஒரே பேண்டைத்தான் பிடிக்கும். கேட்-12, கேட்-18, கேட்-20 என்று ஏற ஏற, பல பேண்டுகளை ஒரே நேரத்தில் பிடித்துச் சேர்த்துக்கொள்ளும். நெரிசலான டவரில் இந்தச் சேர்க்கை பளிச்சென்று தெரியும்.

பூஸ்டர்: அதிகம் விற்பது, குறைவாக உதவுவது

பூஸ்டர் மூன்று துண்டு: கூரையில் ஒரு ஆன்டெனா, நடுவில் ஒரு பெருக்கி, உள்ளே இன்னொரு ஆன்டெனா. வெளியே கிடைத்த மெல்லிய சிக்னலைப் பெருக்கி உள்ளே விடும். உங்கள் போன் பேசுவதைப் பெருக்கி வெளியே அனுப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல்கள் நான்கு.

1. சட்ட வரம்பு. டவருக்கு இடையூறு வரக் கூடாதென்று எஃப்.சி.சி. வரம்பு வைத்திருக்கிறது. எல்லா நிறுவனங்களின் சிக்னலையும் பெருக்கும், வாகனத்தில் பொருத்தும் வகைப் பூஸ்டரின் பெருக்கம் 50 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. நாநூறு டாலர் மாடலுக்கும் எண்ணூறு டாலர் மாடலுக்கும் இந்த உச்சவரம்பு ஒன்றே. வாங்கியபின் உங்கள் நிறுவனத்திடம் பதிவும் செய்ய வேண்டும்.

2. பேண்ட் பற்றாக்குறை. பொதுவாக விற்கும் பூஸ்டர்கள் பெருக்குவது 2, 4, 5, 12, 13 ஆகிய பேண்டுகளைச் சுற்றியே. டி-மொபைலின் 71-ஐயும் 41-ஐயும், மற்றவர்களின் 77-ஐயும் அவை பெருக்குவதில்லை. ஐந்தாம் தலைமுறைக்கு உகந்தது என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் பின்பக்கம் பேண்ட் பட்டியலைப் பாருங்கள்.

3. பல வழி ஒரு வழியாவது. போனுக்குள்ளும் ரூட்டருக்குள்ளும் டவரோடு பேசும் பகுதிக்கு மோடம் என்று பெயர். இன்றைய மோடங்கள் இரண்டு அல்லது நான்கு ஆன்டெனாவில் வெவ்வேறு ஓடைகளாகத் தரவை வாங்குகின்றன. வேகத்தின் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. சாதாரணப் பூஸ்டருக்கு வெளியே ஒரே ஆன்டெனா, உள்ளே ஒரே ஆன்டெனா. நான்கு வழிச் சாலை ஒற்றையடிப் பாதையாகிவிடும். வலிமை எண் மைனஸ் 100-லிருந்து மைனஸ் 80-க்கு ஏறும், வேகம் மட்டும் பாதியாகும். பூஸ்டரை வாங்கியவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான்.

4. தன்னையே கேட்டுக் கத்துவது. மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தால் கீச்சென்று அலறுமே, அதே சங்கதி. உள் ஆன்டெனா பேசுவது வெளி ஆன்டெனாவின் காதில் விழுந்தால் பெருக்கி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். 7 மீட்டர் வண்டியில் இரண்டுக்கும் போதிய இடைவெளி கொடுப்பது கடினம். அதனால்தான் பல வண்டிகளில் உள் ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தூரத்தில் போனை வைத்தால்தான் பலன் தெரிகிறது.

பூஸ்டர் உதவும் இடமும் உண்டு. டவர் மிகத் தொலைவில், வலிமை மைனஸ் 115. போன் டவர் சொல்வதை எப்படியோ கேட்டுவிடுகிறது, ஆனால் அதன் பேச்சு டவரை எட்டவில்லை. போனின் ஒலிபரப்புச் சக்தி ஏறத்தாழ 0.2 வாட்; பூஸ்டருக்கு 1 வாட் வரை அனுமதி. அழைப்பு போவதற்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் அங்கே அது நிஜமாகவே கைகொடுக்கும். வாங்குவதானால் அந்த வேலைக்கென்று, கடைசியாக வாங்குங்கள்.

ரூட்டரும் ஆன்டெனாவும்

போனின் ஹாட்ஸ்பாட்டே வார இறுதிப் பயணத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் வழி இரண்டு.

கையடக்க ஹாட்ஸ்பாட், நைட்ஹாக் எம்6 போன்றவை. விலை குறைவு, எங்கும் எடுத்துப் போகலாம். வெளி ஆன்டெனாவுக்கு டிஎஸ்-9 என்ற குண்டூசித் தலை அளவுத் துளைகள் இரண்டு இருக்கும். வண்டி குலுங்கினால் கழன்றுவிடும். வெயில் காலத்தில் மூடிய வண்டிக்குள், சார்ஜரில் மாட்டியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி உப்பும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் மட்டும் ஓட அனுமதிக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தும் ரூட்டர், பெப்லிங்க் பிஆர்1 புரோ 5ஜி போன்றவை. 12 வோல்ட்டில் நேராக ஓடும், திருகி மாட்டும் நான்கு ஆன்டெனா முனை உண்டு, முகாமின் வைஃபையையும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்தையும் உள்வாங்கி, ஒன்று விழுந்தால் அடுத்ததற்குத் தானே மாறும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு சிம் போடலாம் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று பொருளல்ல. மோடம் ஒன்றுதான் என்றால் ஒரு சிம் பேசும்போது மற்றது தூங்கும். மாற ஒரு நிமிடம்கூட ஆகலாம். இரண்டும் ஒருசேர ஓட, இரண்டு மோடம் உள்ள மாடல் வேண்டும், விலையும் ஏறும். மலிவான வழி: ரூட்டரில் ஒரு நிறுவனம், போனில் இன்னொன்று.

பல இணைப்புகளைக் கையாள்வதில் மூன்று முறை உண்டு. ஒன்று விழுந்தால் அடுத்ததற்குத் தாவுவது முதல் முறை. வெவ்வேறு வேலைகளை வெவ்வேறு இணைப்பில் பிரித்து அனுப்புவது இரண்டாவது. இதில் வங்கித் தளங்கள் திடீரென்று உங்கள் முகவரி மாறியதைப் பார்த்து வெளியே தள்ளிவிடும். ஒரே வேலையைத் துண்டாக்கி எல்லா இணைப்பிலும் அனுப்பி மறுமுனையில் ஒட்டுவது மூன்றாவது. மறுமுனையில் ஒட்டித் தர ஒரு சேவையகம் இருந்தால்தான் இது நடக்கும், அதற்குத் தனிக் கட்டணமும் வரலாம். வீடியோ கூட்டத்தின் நடுவே இணைப்பு மாறியும் படம் உறையாமல் இருப்பது இந்த மூன்றாவதில் மட்டுமே.

ஆன்டெனா விஷயத்தில், கூரையில் பதிக்கும் எல்லாத்திசைக் குடை வகை பெரும்பாலோர்க்குப் போதும். அலுமினிய உடல் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் போன்ற வண்டிகளுக்கு அது கட்டாயத் தேவை. ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றினால் தொலைதூர டவரை இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முகாமிலும் கை வேலை. கம்பத்தை 15 பாகை திருப்பி, அரை நிமிடம் காத்து, தெளிவு எண்ணைக் குறித்து, மறுபடி திருப்ப வேண்டும். வலிமை எண் உச்சமாகும் திசையும் தெளிவு எண் உச்சமாகும் திசையும் வேறாக இருந்தால் தெளிவைப் பின்பற்றுங்கள். புறப்படும்போது கம்பத்தை இறக்க மறந்து மரக்கிளையில் கொடுக்கிறவர்கள் உண்டு. ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டி வைப்பது பழைய உபாயம்.

ஆன்டெனாவில் ஈட்டியதைக் கேபிளில் இழக்காதீர்கள். எல்எம்ஆர்-240 என்ற ஆறு மில்லிமீட்டர்க் கேபிளில் 5 மீட்டர் ஓடினால் 2 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.9 டெசிபெல் போய்விடும், சி-பேண்டில் 2.6. மூன்று டெசிபெல் என்றால் பாதி. அதாவது சி-பேண்டில் வந்த சிக்னலில் கிட்டத்தட்டப் பாதியைக் கேபிளே தின்றுவிடுகிறது. பத்து மில்லிமீட்டர் எல்எம்ஆர்-400 போட்டால் இழப்பு பாதியாகும், ஆனால் அதை அலமாரி மூலையில் வளைப்பது பெரும்பாடு. நல்ல வழி, ரூட்டரை ஆன்டெனாவுக்கு நேர் கீழேயே மேல் அலமாரியில் வைத்து, ஆன்டெனாக் கேபிளை 2 மீட்டருக்குள் முடித்து, நீளம் தேவைப்படும் இடத்தில் மின் ஒயரை நீட்டுவது. அந்த அலமாரிக்குக் காற்றோட்டம் வேண்டும். கூரையை ஒட்டிய அலமாரி கோடையில் அடுப்பாகும், சூடேறிய மோடம் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

துளை போடும்போது: ரப்பர் கூரைக்கு அதற்கென்றே உள்ள டைகார் போன்ற பூச்சைப் பயன்படுத்துங்கள், சாதாரண சிலிக்கான் ரப்பரில் ஒட்டி நிற்காது. காந்த அடி உள்ள ஆன்டெனா ஃபைபர் கூரையிலும் ரப்பர் கூரையிலும் பிடிக்காது.

செயற்கைக்கோள்: மரமும் மின்சாரமும்

பழைய செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தது. ஒரு கேள்வி போய் பதில் வர 600 மில்லிவினாடிக்கு மேல். ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் போயிற்று, வீடியோ கூட்டம் நடத்தலாம். 2022 மே மாதம் ஆர்.வி.-க்கென்று தனித் திட்டம் வந்தது, இப்போது ரோம் என்ற பெயரில் இருக்கிறது. டவரே இல்லாத இடத்தில் இதற்கு இணையான வழி இன்று வேறில்லை.

ஆனால் இதற்கு வானம் வேண்டும். டிஷ் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ 110 பாகை அகலம். ஊசியிலை மரங்களுக்கு நடுவே நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினால், கோள் ஒன்று கிளைக்குப் பின்னால் போகும்போதெல்லாம் சில நொடி அறுபடும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, ஏற்கெனவே சேமித்ததை ஓட்டிவிடும். கூட்டத்தில் பேசுகிறவருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை குரல் போகும். டிஷ்ஷைக் கூரையில் நிரந்தரமாகப் பதிப்பதா, தரையில் வைக்க 15 மீட்டர்க் கேபிளோடு எடுத்துப் போவதா என்பதை நீங்கள் தங்கும் இடமே தீர்மானிக்கட்டும். பாலைவனப் பிரியர் கூரையில் பதிக்கலாம். காட்டு முகாம்காரருக்கு நகர்த்த முடிய வேண்டும்.

மின்கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாதாரண டிஷ் சராசரி 75 முதல் 100 வாட் இழுக்கும். ஒரு முழு நாள் ஓடினால் 1,800 முதல் 2,400 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பதே 1,280. ஈய-அமில பேட்டரி என்றால் பாதியைத்தான் எடுக்கலாம், 600. முகாமின் மின் இணைப்பு இல்லாத இடத்தில் அந்த டிஷ் இரவில் பேட்டரியைத் துடைத்துவிடும். 2024-ல் வந்த மினி மாடல் 25 முதல் 40 வாட். பத்து மணி நேரத்துக்கு 300-ஐ ஒட்டித்தான் ஆகும்.

மினி 12 வோல்ட்டிலேயே ஓடும் என்று விளம்பரம் சொல்வது சரிதான். அதை நம்பி மாட்டிய பலருக்கு டிஷ் மணிக்கு இருமுறை தானே அணைந்து எழுகிறது. காரணம் ஒயர். உச்ச நேரத்தில் 60 வாட், அதாவது 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிஷ் வரை 5 மீட்டர். போக வர 10 மீட்டர். 18-ஆம் எண் மெல்லிய ஒயரில் அதன் தடை 0.21 ஓம். ஐந்தால் பெருக்கினால் 1.05 வோல்ட் வழியிலேயே கரைகிறது. இரவில் 12.2-க்கு இறங்கிய பேட்டரி, டிஷ்ஷின் வாயில் 11.1-ஆகப் போய்ச் சேரும். டிஷ் கேட்பது குறைந்தது 12. தடிமனான 12-ஆம் எண் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டாகும். அதைவிடச் சிறந்தது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 24 வோல்ட்டாக உயர்த்தும் சிறு மாற்றியை வைப்பது. மின்னோட்டம் பாதியாகிவிடும், வழியில் அரை வோல்ட் போனாலும் டிஷ்ஷுக்குக் கவலையில்லை. இன்வெர்ட்டர் வழியாக 120 வோல்ட்டாக்கி மறுபடி குறைப்பது வீண். பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகவே போய்விடும்.

திட்டத்தின் சிறிய எழுத்து

தேவையைக் கணக்கிடாமல் திட்டம் எடுக்கக் கூடாது. 720 தரத்தில் ஒரு ஜூம் அழைப்பு இரு திசையிலும் 1.2 மெகாபிட் வீதம், மணிக்கு ஏறத்தாழ 1.1 ஜிபி. தினம் மூன்று மணி, மாதம் 22 நாள் என்றால் 70 ஜிபியைத் தாண்டும். இரவில் இரண்டு மணி நேரம் உயர்தரப் படம், மணிக்கு 3 ஜிபி வரை, மாதம் 180. இரண்டும் சேர்ந்து 250. இதை வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படியுங்கள்.

வரம்பற்றது என்று எழுதியிருப்பது போனில் பார்ப்பதற்கு மட்டும் இருக்கலாம். ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினிக்குப் போவதற்குத் தனி வரம்பு உண்டு. தாண்டினால் வேகம் 600 கிலோபிட் அளவுக்கும் இறங்கலாம். போன் சிம்மை எடுத்து ரூட்டரில் செருகி இதை ஏமாற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யின் முதல் எட்டு இலக்கத்திலிருந்தே அது போனா ரூட்டரா என்று நிறுவனத்துக்குத் தெரியும். நடு வழியில் சிம் முடக்கப்படும்போது புதிது வாங்கப் பக்கத்தில் கடையும் இராது.

டவரில் நெரிசல் வரும்போது யாருக்கு முதலில் வழிவிடுவது என்ற வரிசையும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நேரடி உயர்கட்டணத் திட்டம் முன்னே, மலிவுத் துணைப்பெயர்கள் பின்னே. குவார்ட்ஸைட்டில் ஒரே டவரில் பக்கத்து வண்டிக்காரர் படம் பார்க்க, உங்களுக்கு வட்டம் சுற்றுவதன் ரகசியம் இதுவாக இருக்கலாம். இந்த நிறுவனங்கள் டவர் வழியாகத் தரும் வீட்டு இணையப் பெட்டியை வண்டியில் ஏற்றிச் செல்வதும் ஆபத்து. அது பதிவான முகவரியோடு கட்டப்பட்டது. பயணத்துக்கென்றே டி-மொபைல் 2024-ல் தனித் திட்டம் கொண்டுவந்தது அதனால்தான்.

கைப்பேசி வலையிலும் ஸ்டார்லிங்கிலும் பொதுவாக உங்களுக்கென்று தனி இணைய முகவரி கிடைக்காது, பலரோடு பகிர்ந்ததுதான். வெளியிலிருந்து வண்டியின் கேமராவை நேரடியாகத் திறக்க முடியாமல் போனால் ரூட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

நம்மவர்க்கு ஒரு பக்கக் குறிப்பு. எச்-1பி விசாவில் இருப்பவரின் வேலையிடம், நிறுவனம் தொழிலாளர் துறையில் தாக்கல் செய்த விண்ணப்பத்தோடு கட்டுண்டது. ஒரு வாரச் சுற்றுலாவில் மடிக்கணினி திறப்பது வேறு, மூன்று மாதம் வேறு மாநிலங்களிலிருந்து வேலை பார்ப்பது வேறு. ரூட்டர் வாங்குமுன் நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

யாருக்கு எது

வாடகை வண்டியில் ஒரு வாரம், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கம்: ஒன்றும் வாங்காதீர்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், வேறொரு நிறுவனத்தின் முன்பண இ-சிம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பூங்காவில் டவர் கிடைப்பது சில மையங்களில்தான். அவசரத்துக்கு ஐபோன் 14 முதல் உள்ள செயற்கைக்கோள் உதவிச் செய்தி போதும்.

மாதம் ஒரு வாரம் வண்டியிலிருந்து வேலை: நல்ல ஹாட்ஸ்பாட் ஒன்று, போன் வேறு நிறுவனத்தில், கூடவே ஸ்டார்லிங்க் மினி. கூரையில் துளை வேண்டாம்.

ஆண்டு முழுவதும் சாலையில்: நிரந்தர ரூட்டர், நான்கு இழைக் கூரை ஆன்டெனா, இரண்டு நிறுவனத்தின் தரவுத் திட்டம், ஸ்டார்லிங்க். பூஸ்டர், மேலே சொன்ன தொலைதூர டவர் நிலைமைக்கு மட்டும்.

முகாமின் இலவச வைஃபையை யாரும் நம்பித் திட்டமிட வேண்டாம். நூறு வண்டிகளுக்கு ஒரே இணைப்பைப் பங்கு போடும் இடங்களே மிகுதி. கிடைத்தால் நடுப்பகலில் மென்பொருள் புதுப்பிப்பை இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியைச் சுற்றி 1958-லிருந்து ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர் வானொலி அமைதி மண்டலம் இருக்கிறது. அதன் நடுவில் டவர் கிடைக்காதது பழுதல்ல, விதி.

மாட்டிய பிறகும் வேலை செய்யாவிட்டால்

1. வேகச் சோதனையில் 100 மெகாபிட் காட்டுகிறது, கூட்டத்தில் முகம் உறைகிறது. ஏறுவேகத்தைப் பாருங்கள், 2 மெகாபிட்டுக்குக் கீழே இருக்கும். புகைப்படங்களை மேகக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கும் போன் எதுவென்று தேடி நிறுத்துங்கள்.

2. ரூட்டர் பிடிவாதமாகச் சி-பேண்டிலேயே தொங்குகிறது, இணைப்பு அறுகிறது. நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பேண்டைத் தற்காலிகமாக அணைத்துக் கீழ் அடுக்கில் பூட்டுங்கள். ஊர் மாறும்போது பூட்டைத் திறக்க மறக்க வேண்டாம்.

3. புது ஆன்டெனா மாட்டியும் வலிமை எண் அசையவில்லை. ரூட்டர் வெளி ஆன்டெனாவைத் தேர்ந்திருக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள். அது சரி என்றால் முனையைக் கழற்றுங்கள். கைப்பேசி ஆன்டெனாவின் முனை எஸ்எம்ஏ, வைஃபை ஆன்டெனாவின் முனை ஆர்பி-எஸ்எம்ஏ. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், சிக்கெனத் திருகிக்கொள்ளும். ஆனால் மாற்றி மாட்டினால் நடு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இரு பக்கமும் வெறும் குழி, தொடர்பே இராது. திருகுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒன்றில் ஊசி, மற்றதில் குழி.